நானூறு சமையல் குறிப்புகள், ஒரு தளம்: வருபவர் கண்ணில் படும்படி பிரிப்பதும் பெயரிடுவதும்

ஒரு தமிழ்ச் சமையல் தளத்தின் மெனு பெரும்பாலும் இப்படி இருக்கிறது: சைவம், அசைவம், குழம்பு வகைகள், செட்டிநாடு, கத்திரிக்காய், தீபாவளிப் பலகாரம், குழந்தைகளுக்கு, காலை உணவு, சுலபமானவை, மற்றவை. செட்டிநாட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு தேடி வருகிறவர் இதில் எதைத் தொடுவார்? நான்கு இடங்கள் பொருந்துகின்றன. குறிப்பை எழுதியவர் அன்றைய நினைப்பில் ஏதோ ஒன்றில் போட்டிருப்பார். மற்ற மூன்றில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. கூகுளுக்குத் திரும்பிப் போய் வேறொரு தளத்தில் படித்துக்கொள்வார்.

என்ன பதார்த்தம், எதில் செய்தது, எந்த ஊர் முறை, எந்த வேளைக்கு, யாருக்கு: இந்த ஐந்து கேள்விகளுக்கான விடைகளும் ஒரே வரிசையில் கலந்து கிடப்பதுதான் சிக்கல். அதைப் பிரித்தெடுப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலையில் பெரிய பகுதி. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இயங்கும், சுமார் 400 குறிப்புகள் கொண்ட தளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கைத்தறிப் புடவைக் கடைக்கும் ஊர் நூலகத்தின் தளத்துக்கும் இதே படிகள் பொருந்தும். கேள்விகள் மட்டும் மாறும்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு பதிவுக்கு ஒரு வரி. பத்திகள் இவை: தலைப்பு, முகவரி, இப்போதுள்ள வகை, இப்போதுள்ள குறிச்சொற்கள் (டேக்), கடைசியாகத் திருத்திய தேதி, கடந்த 12 மாதங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன செய்யப்போகிறோம். கடைசிப் பத்தியில் நான்கே சொற்கள் வரலாம்: வை, சேர், திருத்து, நீக்கு. முகவரிகளையும் தலைப்புகளையும் கையால் எடுக்க வேண்டாம். ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை தானே திரட்டித் தரும். படங்களும் வகைப் பக்கங்களும் அந்த 500க்குள் எண்ணப்படும் என்பதால், அமைப்பில் படங்களை விலக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரு நாள் போகும் வேலை. ஆனால் மூன்று தக்காளி ரசக் குறிப்புகள் வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டு ஒன்றோடொன்று போட்டி போடுவது இங்கேதான் தெரியவரும். அவற்றை இப்போதே "சேர்" என்று குறித்துவிடுங்கள். தேவையற்ற பதிவுகளை வைத்துக்கொண்டு வகை பிரித்தால், அவற்றுக்காகவே ஒரு வகை முளைக்கும். அதற்கு "மற்றவை" என்று பெயர்.

படி 2: வருகிறவர் எப்படிக் கேட்கிறார்?

கூகுளில் என்ன தட்டி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அது 16 மாதத் தேடல் சொற்களை வைத்திருக்கும். முதல் 300 சொற்களை இறக்கி, அதே விரிதாளில் தனித்தாளில் ஒட்டுங்கள். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் தட்டப்படுவது இன்னும் மதிப்பு மிக்கது: மெனுவில் கிடைக்காததால்தான் அங்கே தட்டுகிறார்கள். வேர்ட்பிரஸ் அதைத் தானாகச் சேமித்து வைப்பதில்லை. வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் மேம்பட்ட அளவீடு என்ற அமைப்பைத் திறந்து வைத்தால், தளத் தேடல் சொற்கள் பதிவாகும்.

ஒவ்வொரு தேடலுக்கும் பக்கத்தில், அவர் எந்தக் கேள்வியோடு வந்தார் என்று குறியுங்கள். "முருங்கைக்கீரை என்ன செய்யலாம்" என்றால் கேள்வி காய்கறியைப் பற்றியது. "இட்லிக்குத் தொட்டுக்க" என்றால் எதோடு சாப்பிடுவது என்பது. இந்த "தொட்டுக்க" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தச் சமையல் தளத்திலும் "தொட்டுக்கொள்ள" என்று ஒரு வகை அரிதாகவே இருக்கும். சட்னி, துவையல், சாம்பார், குருமா, பொடி என்று ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். கேட்பவர் மனத்திலோ அது ஒரே பொருள்.

படி 3: கேள்விகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

இந்த முறைக்கு மூலவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து வைக்கும் பழைய வழக்கத்தை விட்டது. ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, தேவைப்படும்போது அவற்றைக் கோத்துக்கொள்ளலாம் என்றது. அந்த முகங்கள் ஐந்து: அது என்ன, எதனால் ஆனது, அதன் மேல் நடக்கும் செயல் என்ன, எந்த இடம், எந்தக் காலம். இன்று இணையக் கடைகளில் நிறம், விலை, அளவு என்று ஓரத்தில் இருக்கும் வடிகட்டிகள் எல்லாம் இந்தச் சிந்தனையின் வழிவந்தவை.

சமையல் குறிப்புக்கு இந்த ஐந்தும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன.

பதார்த்தம்: குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், துவையல், சாதம், பலகாரம், இனிப்பு.
முதன்மைப் பொருள்: கத்திரிக்காய், துவரம்பருப்பு, மீன், அவல், கேழ்வரகு.
சமைக்கும் விதம்: ஆவியில் வேகவைத்தது, எண்ணெயில் பொரித்தது, வதக்கியது, அரைத்தது.
ஊர் முறை: செட்டிநாடு, கொங்கு, நெல்லை, யாழ்ப்பாணம்.
வேளையும் நாளும்: காலை, மதியம், மாலை, விரதம், பொங்கல்.

இனி எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு ஒரு பெட்டி தேட வேண்டியதில்லை. ஐந்து வரிசையிலிருந்தும் ஒவ்வொரு விடை எடுத்துக் கொடுத்தால் போதும். சோதனை எளிது: ஒரு வரிசையில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும். "குழம்பு, ரசம், செட்டிநாடு" என்று வாசித்தாலே மூன்றாவது சொல் உறுத்தும். "சுலபமானவை" எந்த வரிசையிலும் உட்காராது. அதற்குப் பதிலாகச் சமையல் நேரத்தை எண்ணாகக் கொடுங்கள்: 15 நிமிடத்துக்குள், 30 நிமிடத்துக்குள், அதற்கு மேல்.

ஐந்தையும் திரையில் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படி 2இல் கிடைத்த தேடல்களில் எந்தக் கேள்வி அதிகமோ அதுவே மெனுவுக்கு. அடுத்த இரண்டு, வகைப் பக்கத்தில் வடிகட்டிகளாகட்டும். மீதியைத் தரவில் மட்டும் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

வேர்ட்பிரஸில் பதார்த்தத்தை வழக்கமான வகையாக வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குத் தனிப் பகுப்புகள் உருவாக்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குக் கஸ்டம் போஸ்ட் டைப் யுஐ என்ற செருகுநிரல் போதும். ஒரு எச்சரிக்கை: 10 பதார்த்தம், 40 பொருள், 5 வேளை, 6 ஊர் என்றால் சேர்க்கைகள் 12,000. இருப்பதோ 400 குறிப்பு. பெரும்பாலான சேர்க்கைகள் வெறும் பக்கமாகத்தான் திறக்கும். அதனால் வடிகட்டியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணிக்கையைக் காட்டுங்கள். சுழியம் வரும் சொல்லை மறைத்துவிடுங்கள். இரண்டுக்கு மேற்பட்ட வடிகட்டிகள் சேர்ந்த பக்கங்களைத் தேடுபொறி அட்டவணையில் சேர்க்காதபடி குறியிடுவதும் அவசியம்.

படி 4: அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள்

400 குறிப்புகளில் 40 முதல் 50 வரை தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தவை, குழப்பமானவை இரண்டும் கலந்திருக்கட்டும். ஒருவரை உட்காரவைத்து, சேர்ந்தவற்றை ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். 15 பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2004இல் எழுதினார்; அதற்கு மேல் ஆள் சேர்த்தாலும் புதிதாகத் தெரியவருவது குறைவு. எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாகவோ ஒரே வயதினராகவோ இருக்கக் கூடாது.

அட்டையில் எழுதும் பெயர்தான் இங்கே சறுக்கும் இடம். "தக்காளிக் குழம்பு, பூண்டுக் குழம்பு, மோர்க்குழம்பு" என்று எழுதினால் எல்லாரும் குழம்பு என்ற சொல்லைப் பார்த்தே ஒன்றாக வைத்துவிடுவார்கள். அது அவர்கள் மனத்தைக் காட்டாது, உங்கள் எழுத்தைத்தான் காட்டும். பாதி அட்டைகளில் விளக்கமாக எழுதுங்கள்: "புளித்த மோரில் தேங்காய் அரைத்து விட்டது". யாராவது ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால் உதவிக்குப் போகாதீர்கள். அந்த அட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு இடங்களிலிருந்தும் கிடைக்க வேண்டிய குறிப்பு.

படி 5: பெயர் வைப்பது

பிரிப்பதைவிடக் கடினமானது இது. தமிழில் ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறொன்றைச் சுட்டும். "கறி" என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு இறைச்சி. சில வீடுகளில் வாழைக்காயை வதக்கினாலும் கறிதான். யாழ்ப்பாணத்தில் குழம்பாக வைத்ததும் கறி, காய்கறிக்கோ மரக்கறி என்று பெயர். மெனுவில் "கறி வகைகள்" என்று போட்டால் மூவரில் இருவர் தவறான பக்கத்தில் இறங்குவார்கள். ஒரே பொருளுக்குப் பல பெயர் இருப்பதும் உண்டு: வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, கச்சான். முட்டைக்கோஸை இலங்கையில் கோவா என்பார்கள்.

இதற்குச் சொற்பட்டியல் ஒன்று வேண்டும். விரிதாளில் மூன்று பத்திகள் போதும்: தளத்தில் காட்டும் சொல், அதே பொருளுக்கான மற்றச் சொற்கள், எதைச் சேர்க்கலாம் எதைச் சேர்க்கக் கூடாது என்ற ஒரு வரி. காட்டும் சொல்லை உங்கள் வாசகர்களின் தேடல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். அகராதியில் எது சரி என்பது இங்கே இரண்டாம் கேள்வி. ஆனால் தேர்வாகாத சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். வகைப் பக்கத்தின் முதல் வரியில் "நிலக்கடலை, மல்லாட்டை, கச்சான் என்றும் சொல்வார்கள்" என்று எழுதுங்கள். வாசகருக்குச் சரியான இடத்துக்குத்தான் வந்தோம் என்று தெரியும். தேடுபொறிக்கும் அந்தச் சொல் கிடைக்கும்.

மெனுச் சொல் ஒன்றோ இரண்டோ சொல்லாக இருக்கட்டும். "அறுசுவை", "அம்மாவின் கைமணம்", "அடுப்படி ரகசியங்கள்" போன்ற பெயர்கள் அழகானவைதான்; உள்ளே என்ன இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. அவற்றைக் கட்டுரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் "இங்கே சொடுக்கவும்" வேண்டாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் திரட்டி வாசிக்க வல்லது. அப்போது "இங்கே, இங்கே, இங்கே" என்றுதான் கேட்கும். "இட்லிப் பொடி அரைக்கும் முறை" என்று இணைப்பே பேசட்டும்.

மெனுவில் ஏழு சொல்லுக்கு மேல் கூடாது என்ற விதியை அடிக்கடி கேட்பீர்கள். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டியது அது. அவர் பேசியது குறுகிய கால நினைவைப் பற்றி. மெனு கண்முன்னால் இருக்கிறது, யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. பத்துத் தெளிவான சொற்கள் ஐந்து மங்கலான சொற்களைவிட மேல். "எதுவும் மூன்று சொடுக்கில் கிடைக்க வேண்டும்" என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு சொடுக்கிலும் நெருங்கி வருகிறோம் என்று தெரிந்தால் நான்காவதையும் பொறுமையாகச் செய்வார்கள்.

படி 6: குறிச்சொற்களை அடக்குங்கள்

எழுதுகிறவர் தோன்றியபடி தட்டினால் "கத்திரிக்காய்", "கத்தரிக்காய்", "கத்திரிகாய்", "கத்திரிக்காய் குழம்பு" என்று நான்கு குறிச்சொற்கள் உருவாகும். வேர்ட்பிரஸ் நான்குக்கும் நான்கு பக்கம் திறக்கும், ஒவ்வொன்றிலும் ஓரிரு குறிப்புகள். சொற்பட்டியலில் உள்ள சொல்லுக்கு மட்டுமே அனுமதி என்று முடிவு செய்யுங்கள். மூன்று குறிப்புகள்கூடச் சேராத குறிச்சொல்லை நீக்குங்கள். வகையின் பெயரையே குறிச்சொல்லாகவும் வைப்பது வீண்.

கண்ணுக்குத் தெரியாத இரட்டைகளும் உண்டு. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியாகவும் பதிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிடும் இடங்களில் அவை இரண்டு வேறு சொற்கள். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் உரையை என்எஃப்சி (NFC) என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். தீராத ஒன்றும் இருக்கிறது: ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுவது. அது எழுத்துப்பிழைக்குச் சமம் என்பதால் எந்த மாற்றியும் சரிசெய்யாது. கணக்கெடுப்புத் தாளில் தேடி, கையால்தான் திருத்த வேண்டும்.

படி 7: முகவரிகள்

தமிழ் எழுத்தில் முகவரி வைத்தால் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு குறியையும் 9 இடம் பிடிக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒரு பைட்டுக்கு 3 இடம். பதிவின் முகவரிப் பகுதிக்கு இருக்கும் இடமோ 200. ஆக, சுமார் 22 குறிகளோடு முகவரி முடிந்துவிடும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் 22 மிகக் குறைவு. "எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு" என்ற தலைப்பில் "எண்ணெய்க் கத்திரிக்காய்" வரைதான் முகவரியில் நிற்கும், குழம்பு வெட்டுப்படும். பிறகு எழுதும் "எண்ணெய்க் கத்திரிக்காய்ப் பொரியல்" அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வாலில் எண் 2 ஒட்டிக்கொண்டு வரும். வாட்சப்பில் பகிரும்போது அந்த முகவரி நீளமான எண்குவியலாகத் தெரிவது வேறு. தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், நான்கைந்து சொற்களில், நீங்களே தட்டுங்கள்.

முகவரிக்குள் வகையின் பெயரை வைக்காதீர்கள். வகை மாறும், முகவரி மாறக் கூடாது.

படி 8: தேடலும் அகரவரிசையும்

வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் மூன்றையும் பார்க்கும். வகைப் பெயர்களையும் குறிச்சொற்களையும் பார்க்காது. தட்டிய எழுத்துகள் அப்படியே இருக்கிறதா என்றுதான் ஒப்பிடும். தமிழுக்கு இது போதாது. "குழம்பு" என்று தட்டினால் "குழம்பில்", "குழம்பை" என்று மட்டும் வரும் இடங்கள் சிக்காது, உகரம் கெட்டுவிடுவதால். "அவியல்" என்பதை யாரேனும் "அவியலுக்கு" என்று தட்டினாலும் அதே கதை. செலவில்லாத தீர்வு: ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் "வேறு பெயர்கள்" என்று கண்ணுக்குத் தெரியும் ஒரு வரி. அதில் பெயரின் நேர்வடிவம், மாற்றுச் சொற்கள், மக்கள் ஆங்கில எழுத்தில் தட்டும் இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கட்டும். மறைத்து வைக்க வேண்டாம். மறைந்த உரையைத் தேடுபொறிகள் மோசடியாகக் கருதும். தளத்தைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை எண்ணிப் பார்க்கலாம். 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லின் அடியைப் பிரிக்கும் வசதி அதில் உண்டு.

காய்கறிப் பட்டியலை அகரவரிசையில் காட்டும்போது, உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தல் ஒருங்குறி எண்களைத்தான் பார்க்கும். அந்த எண்வரிசையில் னகரம் நகரத்தை ஒட்டி நிற்பதால் பட்டாணி, பனீர், பப்பாளி, பரங்கிக்காய், பலாக்காய் என்று வரும். நம் அகராதிகளில் னகரம் கடைசி மெய். பனீர் பலாக்காய்க்குப் பின்னால்தான் வர வேண்டும். புள்ளி எழுத்தும் இடம் மாறிப்போகும்: அகராதியில் அக்கம் முதலில், அகம் பிறகு, எண்வரிசையில் தலைகீழ். உலாவிகளில் உள்ள, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் Intl.Collator என்ற வசதிக்குத் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் இரண்டும் சரியாகிவிடும். ஒரே ஒரு வரி மாற்றம்.

படி 9: திறப்பதற்கு முன் சோதியுங்கள்

வடிவமைப்பு, படம், நிறம் எதுவும் இல்லாமல் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு தாளில் மெனுச் சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அதனடியில் வருபவை எழுதிய தனித்தாள். எட்டுப் பத்துக் கேள்விகள் தயார் செய்து, ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கேள்வியில் மெனுச் சொல் வரக் கூடாது. "வத்தக்குழம்பு எங்கே இருக்கும்?" என்றால் சொல்லைப் பார்த்து விரலை வைத்துவிடுவார். "வீட்டில் காயே இல்லை, சுண்டைக்காய் வற்றல் மட்டும் இருக்கிறது. மதியத்துக்கு என்ன வைக்கலாம்?" என்று கேளுங்கள். முதலில் எந்தச் சொல்லைத் தொட்டார், திரும்பி வந்தாரா, எங்கே முடித்தார் என்று மூன்றை மட்டும் எழுதுங்கள்.

ஐந்து பேரில் மூவர் முதல் தொடுதலிலேயே ஒரே தவறான இடத்துக்குப் போனால் குறிப்பை அங்கேயும் கிடைக்கும்படி செய்யுங்கள். ஆளுக்கு ஒரு திசையில் போனால் பெயர்தான் மங்கல். படி 5க்குத் திரும்புங்கள்.

படி 10: மாற்றும் நாள்

கணக்கெடுப்புத் தாளில் பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரியை எழுதி, எல்லாவற்றுக்கும் 301 திருப்பிவிடல் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லிப் புதியதற்கு அனுப்புவது) போடுங்கள். பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். வகை, குறிச்சொல் பக்கங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றைக் கையால் போட வேண்டும். நீக்கிய பதிவை முகப்புக்குத் திருப்பாதீர்கள். ரசம் கேட்டு வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். நெருக்கமான குறிப்புக்குத் திருப்புங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 பக்கமே நேர்மையானது. அதில் தேடல் பெட்டியும் பதார்த்தப் பட்டியலும் இருக்கட்டும்.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் "முகப்பு, குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு" என்ற வழித்தடம் தெரிய வேண்டும். தேடுபொறியிலிருந்து நேரே உள்ளே குதிப்பவர்களுக்கு அதுதான் மெனு. பக்கத்தின் அடியில் தற்செயலாக எடுத்த ஆறு படங்களுக்குப் பதிலாக, அதே முதன்மைப் பொருளில் மூன்று, அதே ஊர் முறையில் மூன்று என்று காட்டுங்கள். படி 3இல் சேர்த்த தரவு இங்கே கை கொடுக்கும்.

புதிய குறிப்பு எழுதும்போது ஐந்து வரிசையையும் நிரப்பாமல் வெளியிட முடியாதபடி படிவத்தை அமையுங்கள். சொற்பட்டியலில் இல்லாத சொல் தேவைப்பட்டால், அதை முதலில் பட்டியலில் எழுதிய பிறகே பயன்படுத்த வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஒரே ஒருவர் பொறுப்பேற்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விடை கிடைக்காத தளத் தேடல்களை இறக்கி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மாற்றுச் சொற்கள் பத்தியில் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.